தொழில்முறை பேஸ்பாலை மேம்படுத்தவும் ரசிகர்களை இன்னும் இழுக்கவும் என்ன செய்யலாம்?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பிட்ஸ்பர்க்கில் இருப்பவன், பைரேட்ஸ் ரசிகன். கடைசியாக 1979-இல் வேர்ல்ட் சீரீஸ் என்ற இறுதித் தொடரை ஜெயித்த அணி. 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது சீசன்கள், ஒவ்வொன்றிலும் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேள்வி பொதுவாக இருந்தாலும் எனக்குத் தெரிந்த, அமெரிக்காவின் முதல்நிலைப் போட்டியான மேஜர் லீகை வைத்தே பேசுகிறேன்.

2019-இல் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். ஐந்து நாள் டெஸ்ட் மேட்சை ரேடியோவில் கேட்டே வளர்ந்த மனிதர், பொறுமைக்குக் குறைவில்லை. மைதானத்துக்கு அழைத்துப் போனேன். நான்காவது இன்னிங்ஸில் கேட்டார்: "ஏன்டா, இவன் எப்பதான் பந்தைப் போடுவான்?"

நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் பிட்சர் (பந்தை எறிபவர்) தான் நின்று எறியும் மேட்டை விட்டு இறங்கி ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். அதற்குள் பேட்டர் கையுறைப் பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டிக்கொண்டிருப்பார். முதல் பேஸில், அதாவது ரன்னுக்காக ஓடுபவர் தொட வேண்டிய முதல் இடத்தில், நிற்பவரை மிரட்ட அங்கே நாலு தடவை எறிவார்கள். 2021-இல் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் 3 மணி 10 நிமிடம். நீளம்கூட பெரிய குறை இல்லை. அந்த நீளத்தில் முக்கால்வாசி, ஒன்றுமே நடக்காத நேரம் என்பதுதான் குறை.

2023-இல் பிட்ச் கிளாக் வந்தது. பேஸில் யாரும் இல்லையென்றால் 15 விநாடி, ஆள் இருந்தால் 20 (அடுத்த வருடம் அதை 18 ஆக்கினார்கள்), அதற்குள் பிட்சர் எறிய ஆரம்பித்துவிட வேண்டும். தாமதித்தால் பேட்டருக்குச் சாதகமாக ஒரு 'பால்' கணக்கில் ஏறும் (நாலு சேர்ந்தால் அவருக்கு முதல் பேஸ் இலவசம்). கடிகாரத்தில் 8 விநாடி மிச்சம் இருக்கும்போதே பேட்டர் தயாராக நிற்க வேண்டும், இல்லையென்றால் அவர் மேல் ஒரு ஸ்டிரைக் (மூன்று சேர்ந்தால் அவுட்). பேஸில் ஆள் இருக்கும்போது, ஒரு பேட்டருக்கு இரண்டு தடவைதான் பிட்சர் மேட்டை விட்டு இறங்கலாம் அல்லது பேஸ் பக்கம் எறியலாம். மூன்றாவது தடவை எறிந்து ஆளை அவுட்டாக்கவில்லை என்றால் ஓடுபவருக்கு அடுத்த பேஸ் இலவசம். கூடவே பேஸின் பக்க அளவை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள்.

ஒரே வருடத்தில் ஆட்டம் சுமார் 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கியது. பேட்டர் அடிக்காமலேயே ஓடுபவர் அடுத்த பேஸைத் திருடுவதை ஸ்டீல் என்பார்கள்; 2022-இல் 2,486 ஆக இருந்த ஸ்டீல்கள் 2023-இல் 3,503. சீசன் முழுக்க மைதானங்களுக்கு வந்தவர்கள் எண்ணிக்கை 2017-க்குப் பிறகு முதல் தடவையாக 7 கோடியைத் தாண்டியது. ஆட்டம் சீக்கிரம் முடிவதால் பீர் விற்க நேரம் போதவில்லை என்று மில்வாக்கி உட்படச் சில அணிகள் ஏழாவது இன்னிங்ஸோடு நிறுத்தும் விற்பனையை எட்டாவது வரை நீட்டின. மாற்றம் உண்மையிலேயே வேலை செய்தது என்பதற்கு எனக்கு இந்த ஒரு சாட்சி போதும்.

ஆகவே "ஆட்டத்தை வேகமாக்குங்கள்" என்று இங்கே வருகிற பதில்கள் நாலைந்து வருடம் பழசு. ஆட்டத்தைச் சரி செய்தாகிவிட்டது.

அதே 2023 கோடையில் அப்பா மறுபடி வந்தார். இந்தத் தடவை பந்தைப் பற்றிப் புகார் இல்லை. திரும்பி வரும்போது, பாலத்தில் நடந்துகொண்டே கேட்டார்: "இவங்க இந்த வருஷமும் தேற மாட்டாங்கன்னு நீயே சொல்றே. அப்புறம் எதுக்குடா இத்தனை பேர் வர்றாங்க?"

என்னைக் கேட்டால் மேஜர் லீகின் இன்றைய சிக்கல் மொத்தமும் இந்த ஒரு கேள்விதான். ஏப்ரல் மாதம் டிக்கெட் வாங்குகிறவனுக்கு, அக்டோபரில், கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளில், நம் அணியும் ஆடலாம் என்ற ஆசை கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

எங்கள் பிட்சர் பால் ஸ்கீன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2025-இல் அவருடைய ஈ.ஆர்.ஏ. 1.97. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்காகச் சொன்னால், முழு ஆட்டம் வீசினால் சராசரியாக இரண்டு ரன்கூடக் கொடுக்க மாட்டார் என்று அர்த்தம். மேஜர் லீகின் இரண்டு பாதிகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் முதலிடம் கொடுத்துக் கிடைத்தது. அவர் கணக்கில் எழுதப்பட்ட வெற்றி 10, தோல்வியும் 10! அவர் ரன் கொடுக்க மாட்டார், இவர்கள் ரன் அடிக்க மாட்டார்கள். அணி 71 ஆட்டம் ஜெயித்து 91 தோற்றது. அணியை விற்றுவிட்டுப் போ என்று உரிமையாளரை நோக்கி மைதானத்திலேயே கோஷம் போட்டார்கள்.

மேஜர் லீகில் ஓர் அணியின் மொத்தச் சம்பளச் செலவுக்கு மேல்வரம்பும் கிடையாது, கீழ்வரம்பும் கிடையாது. ஓர் எல்லையைத் தாண்டினால் ஆடம்பர வரி உண்டு, அவ்வளவுதான். 2025-இல் அந்த எல்லை 24.1 கோடி டாலர். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அதை அநாயாசமாகத் தாண்டிப் போய் வரியையும் கட்டுகிறது. இன்னொரு பக்கம் மயாமி மாதிரி அணிகளின் சம்பளச் செலவு 10 கோடியைக்கூடத் தொடவில்லை. அணிகள் தங்கள் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. இப்படி வரும் பணத்தை வாங்கிக்கொண்டு ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்காமல் உட்கார்ந்திருந்தாலும் லாபம்தான்.

எல்லோரும் மேல்வரம்பு, மேல்வரம்பு என்கிறார்கள். என் கோபம் டாட்ஜர்ஸ் மேல் இல்லை. நட்சத்திர ஆட்டக்காரர் ஒட்டானிக்கு பத்து வருடத்துக்கு 70 கோடி டாலர் எழுதிக் கொடுத்தார்கள், 2024, 2025 இரண்டிலும் கோப்பையை ஜெயித்தார்கள். ரசிகனுக்கு வேறென்ன வேண்டும்? முதலில் வர வேண்டியது கீழ்வரம்பு. இவ்வளவுக்குக் குறையாமல் ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்க வேண்டும், இல்லையென்றால் பொதுப் பணத்தில் பங்கு இல்லை. கூடைப்பந்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் இரண்டு வரம்புகளும் இருக்கின்றன.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2000-இல் நியூயார்க் யாங்கீஸ் தொடர்ந்து மூன்றாவது முறை ஜெயித்த பிறகு, 2025 வரை எந்த அணியும் அடுத்தடுத்து இரண்டு கோப்பை எடுக்கவில்லை. கான்சஸ் சிட்டி மாதிரிச் சின்ன ஊர்கூட 2015-இல் ஜெயித்திருக்கிறது. சிறிய ஊரான மில்வாக்கிதான் 2025-இல் 97 வெற்றியோடு லீகிலேயே முதலிடம். (அப்புறம் டாட்ஜர்ஸிடம் 4-0 என்று தோற்றது வேறு கதை. நான்காவது ஆட்டத்தில் ஒட்டானி நம் சிக்ஸர் மாதிரி மூன்று ஹோம் ரன் அடித்து, பிட்சராகவும் பத்துப் பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார்.) புத்தி இருந்தால் பணம் இல்லாமலும் ஓட்டலாம்தான். ஆனால் ஒவ்வொரு பந்தயத்திலும் நொண்டிக்கொண்டு ஓடிக் காட்டு என்று ஓர் ஊரைக் கேட்பது என்ன நியாயம்?

உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இருக்கும் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-உடன் முடிகிறது. 1994-இல் இதே சம்பள வரம்புச் சண்டையில் ஆகஸ்டில் வேலைநிறுத்தம் தொடங்கி அந்த வருடம் வேர்ல்ட் சீரீஸே நடக்கவில்லை. ரசிகர்களை விரட்ட அதைவிடச் சிறந்த வழி இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

அடுத்தது டிவி. ஐயோவா மாநிலத்தில் மேஜர் லீக் அணியே கிடையாது. ஆனால் அங்கே இருப்பவர் லீகின் ஸ்ட்ரீமிங்குக்குப் பணம் கட்டினாலும் ஆறு அணிகளின் ஆட்டங்கள் பல வருடங்களாகத் தெரியாமல் இருந்தன. சிகாகோவின் இரண்டு அணிகள், செயின்ட் லூயிஸ், கான்சஸ் சிட்டி, மின்னசோட்டா, மில்வாக்கி எல்லாமே ஐயோவாவைத் தங்கள் பகுதி என்று சொல்லிக்கொண்டன, உள்ளூர் கேபிளைக் காப்பாற்றத்தான் தடை. சரி, அந்தக் கேபிளாவது பிழைத்ததா? பதினான்கு அணிகளின் உள்ளூர் ஒளிபரப்பை வைத்திருந்த டயமண்ட் நிறுவனம் 2023 மார்ச்சில் திவால் மனு போட்டது. மூன்று மாதத்துக்குள் சான் டியாகோ ஆட்டங்களை லீக் தானே காட்ட வேண்டி வந்தது. முப்பது அணிகளும் ஒரே இடத்தில், ஒரே கட்டணத்தில், தடை இல்லாமல் கிடைக்க வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு வியாபாரம் இல்லை என்று புலம்பி என்ன பயன்?

பிட்சர்களைப் பற்றியும் ஒன்று. ஸ்கீன்ஸ் வீசுகிறார் என்றால் அன்றைக்குக் கூட்டமே வேறு. ஆனால் 2024 ஜூலையில் மில்வாக்கியில் ஏழு இன்னிங்ஸ் வரை ஒரு ஹிட்கூட (பேட்டர் அடித்து பேஸை எட்டுவது) கொடுக்காமல் வீசிக்கொண்டிருந்தவரை 99 பந்தோடு நிறுத்திவிட்டார்கள். கை போய்விடும் என்ற பயம், அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். இப்போது எல்லோரும் ஒவ்வொரு பந்தையும் முழு வேகத்தில் எறிகிறார்கள். அதனால் தொடக்கப் பிட்சர் ஐந்து இன்னிங்ஸைக் கொஞ்சம் தாண்டியதும் கிளம்பிவிடுகிறார், பிறகு பெயர் தெரியாத நாலு பேர் வரிசையாக வருகிறார்கள். 26 பேர் அணியில் 13 பிட்சர் வரை வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பை 11-க்குக் கொண்டுவந்தால், நீண்ட நேரம் எறியத் தெரிந்தவருக்கு மதிப்பு வரும், பந்தை எறியும் வேகமும் தானாகக் கொஞ்சம் குறையும். ஒரே நாளில் செய்ய முடியாது, வருடத்துக்கு ஒருவராகக் குறைக்கலாம்.

எறிந்த பந்து பாலா, ஸ்டிரைக்கா என்ற அம்பயர் தீர்ப்பை மெஷினிடம் முறையிடும் வசதி 2026 முதல் மேஜர் லீகுக்கும் வந்தாயிற்று. அணிக்கு இரண்டு முறையீடு, சரியாக இருந்தால் மிச்சம் வைத்துக்கொள்ளலாம். நம் கிரிக்கெட் டி.ஆர்.எஸ். மாதிரிதான், இங்கே தலையைத் தட்டிக் கேட்பார்கள். கொரியாவில் 2024 முதல் எல்லாப் பந்துக்கும் மெஷின்தான். எனக்கு முறையீடு போதும். பெரிய திரையில் பந்து வந்து விழும் அந்த நாலு விநாடி, மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கொரியாவிடமிருந்து எடுக்க வேண்டியது வேறு ஒன்று. அங்கே ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு பாட்டு. கூட்டத்தை நடத்த மேடையில் ஒருவர் நிற்பார், அவர் கையசைப்புக்கு ஒரு பக்கமே எழுந்து பாடும். பத்தே அணிகள் உள்ள லீக், 2024-இல் முதல் தடவையாக ஒரு கோடிப் பேர் மைதானத்துக்கு வந்தார்கள். இங்கேயோ ஸ்கோர்போர்டு "சத்தம் போடுங்கள்" என்று எழுதிக் காட்டுகிறது. கேட்கவே கூச்சமாக இருக்கும். சவானா பனானாஸ் என்று வேடிக்கை பேஸ்பால் ஆடும் ஒரு கூட்டம் இருக்கிறது. இரண்டு மணி நேர ஆட்டம், ஆடுகளக் கோட்டுக்கு வெளியே போய் கேலரிக்கு வரும் ஃபவுல் பந்தை ரசிகர் கேட்ச் பிடித்தால் பேட்டர் அவுட். மேஜர் லீக் மைதானங்களையே நிரப்புகிறார்கள். அந்த விதிகளைக் கடன் வாங்க வேண்டாம், அது கூத்து. கடன் வாங்க வேண்டியது சொந்த ஊரான சவானாவில் அவர்கள் விற்ற டிக்கெட்டை: சாப்பாடும் சேர்த்து ஒரே விலை. போன கோடையில் வேறோர் ஊர் மைதானத்தில் மகளுக்குத் தண்ணீரும் ஒரு ஹாட் டாக்கும் வாங்கிய காசில் வீட்டுக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கியிருப்பேன்.

நம்பிக்கை மட்டும் இருந்தால் கூட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பதற்கு 2013 அக்டோபர் 1 சாட்சி. இருபத்தோரு வருடத்துக்குப் பிறகு பிட்ஸ்பர்க்கில் ஒரு பிளேஆஃப் ஆட்டம். மைதானம் முழுக்கக் கறுப்புச் சட்டை. எதிரணி சின்சினாட்டியின் பிட்சர் ஜானி குவேட்டோவின் பெயரைக் கூட்டம் இழுத்து இழுத்துப் பாடியது: "குவே...ட்டோ!" அவர் கையிலிருந்த பந்து நழுவித் தரையில் விழுந்தது. அதற்கடுத்த பந்திலேயே ரஸல் மார்ட்டின் ஹோம் ரன். எந்த மார்க்கெட்டிங் துறையும் யோசித்துச் செய்ததில்லை அது.

கடைசியாக, வேர்ல்ட் சீரீஸைச் சனி, ஞாயிறிலாவது மதியம் வையுங்கள். முதல் இரவு ஆட்டம் 1971-இல் எங்கள் ஊரில்தான் நடந்தது, அந்தப் பாவத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. இப்போது எல்லாமே கிழக்குக் கரை நேரப்படி இரவு எட்டு மணிக்குத்தான் தொடங்குகிறது. 2025-இன் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போனது. என் மகள் ஆறாவதிலேயே சோபாவில் தூங்கிவிட்டாள். விடியற்காலை மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் டாட்ஜர்ஸின் ஃப்ரீமன் அடித்து முடித்தபோது, அவளை எழுப்பிவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு நான் மட்டும் குதித்தேன்.