ராம் டைமிங்குகளைக் கையால் குறைத்தால் கணினி வேகமாகுமா?

3200 என்று அச்சிட்ட இரண்டு டிடிஆர்4 ராம்களைப் போட்டிருப்பதாகவும், டைமிங்குகளை (ராம் ஒவ்வொரு வேலைக்கும் எடுத்துக்கொள்ளும் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கையை) குறைத்தால் பலன் இருக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இருக்கும். ஆனால் முதலில் அவை 3200இல்தான் ஓடுகின்றனவா என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். என்னுடையது அங்கே 2133 காட்டியது. எட்டு மாதம் அப்படியே ஓட்டியிருக்கிறேன்! பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் தானாக வராது; பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பியை, அதாவது ராமிலேயே பதித்திருக்கும் வேக அமைப்பை, நாம்தான் இயக்க வேண்டும். சிபியு-இசட் போன்ற மென்பொருள் 1600 என்று காட்டினால் பதற வேண்டாம். ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு போவதால் அது 3200தான்.

அடுத்தது, இரண்டு ராம்களும் இரண்டு சேனல்களில் (ப்ராசஸருக்கும் ராமுக்கும் இடையிலான தரவுப் பாதைகளில்) இருக்கின்றனவா என்பது. ஒரே சேனல் என்றால் விநாடிக்கு 25.6 ஜிபி, இரண்டு என்றால் 51.2. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு எந்த டைமிங் வித்தையும் இதற்கு ஈடாகாது.

இனி டைமிங். சிஎல் என்பது கேட்ட தரவைத் தர ராம் எடுக்கும் துடிப்புகள்; அந்த எண்ணை 2000ஆல் பெருக்கி, ராம் வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ விநாடியில் கிடைக்கும். 3200 சிஎல்16க்கு 10. 3600 சிஎல்18க்கும் 10. டிடிஆர்5 6000 சிஎல்30க்கும் அதே 10தான். எண்கள் ஏறுவதைப் பார்த்து மயங்காமல் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குவது நல்லது.

நானும் ஆசைப்பட்டு வோல்ட்டேஜை ஏற்றாமலே சிஎல்லை 14க்கு இறக்கினேன். விண்டோஸ் வந்தது, கேம் ஓடியது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு பெரிய ஜிப் கோப்பு விரிய மறுத்தது. மறுபடி முயன்றால் வேறோர் இடத்தில் பிழை. கோப்பில் குறையில்லை, ராம்தான் பிட்டுகளை மாற்றிக்கொண்டிருந்தது. இரவு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டினேன். முதல் சுற்றிலேயே சிவப்பு வரிகள். அந்த இரண்டு நாளில் சேமித்த கோப்புகளில் எது கெட்டது, எது நல்லது என்று பிரிக்க முடியாமல் எல்லாவற்றையும் பழைய நகலிலிருந்து எடுத்தேன்.

சிஎல்லை 16க்கே திருப்பிவிட்டு டிஆர்எஃப்சியைத் தொட்டேன். இதைப் பலர் கவனிப்பதில்லை. ராமின் ஒவ்வொரு செல்லும் கசியும் மின்தேக்கி; அதைப் புதுப்பிக்க டிடிஆர்4இல் சராசரியாக 7.8 மைக்ரோ விநாடிக்கு ஒரு கட்டளை போகும். அந்தப் புதுப்பிப்பு முடியும்வரை ராம் வேறு வேலை செய்யாது. அந்த நேரம்தான் டிஆர்எஃப்சி. 8 கிகாபிட் சிப்புக்குத் தரநிலை 350 நானோ விநாடி, அதாவது 3200இல் 560 துடிப்பு. நான் 480 வரை இறக்கினேன். சிப்பைப் பொறுத்து இன்னும் இறங்கலாம். ஒரே நேரத்தில் ஒரு மதிப்பை மட்டும் மாற்றுங்கள். திரை கறுத்துப்போனால் மின்சாரத்தைத் துண்டித்து சிமாஸை (பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் இடத்தை) அழித்தால் பயாஸ் தொடக்க நிலைக்கு வந்துவிடும்.

சோதனையை மட்டும் கேபினெட்டை மூடி, கேம் விளையாடி உள்ளே சூடேறிய பிறகு ஓட்டுங்கள். சூட்டில் செல்களின் கசிவு கூடும். குளிர்ந்திருக்கும்போது தேறிய டிஆர்எஃப்சி அப்போது தேறாமல் போகலாம்.