குஷிங் நோய்க்கு பிட்யூட்டரி ஆபரேஷன் செய்து 9 வருடம் ஆன அம்மாவுக்கு மறுபடி சுகரும் பி.பி.யும் ஏறுகிறது. எம்.ஆர்.ஐ. நார்மல். நோய் திரும்ப வந்திருக்குமா?

வந்திருக்கலாம். எம்.ஆர்.ஐ. நார்மல் என்பதை மட்டும் வைத்து 'ஒன்றுமில்லை' என்று விட்டுவிடாதீர்கள்.

எனக்கும் இதே நோய்தான், மூக்கு வழியாகத்தான் ஆபரேஷன். சில வருடம் நன்றாக இருந்துவிட்டுத் திரும்பியது. அப்போதும் ஸ்கேன் சுத்தமாகத்தான் இருந்தது. மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டிதான் இந்த நோய்க்குக் காரணம். அது பெரும்பாலும் 10 மி.மீ.க்கும் சிறியது, முதல் தடவையே ஸ்கேனில் சிக்காதவர்கள் நிறைய பேர். எடுத்தபின் கொஞ்சம் செல்கள் தங்கிவிட்டால் போதும். அவை மெல்ல வளர்ந்து ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனைச் சுரந்து, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரினல் சுரப்பிகளை முடுக்கிவிட்டு கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனை ஏற்றிவிடும். ஸ்கேனில் தெரிகிற அளவுக்கு வளரும்வரை அது காத்திருக்காது.

பிட்யூட்டரி சொசைட்டி 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஆபரேஷன் வெற்றி என்று சொல்லப்பட்டவர்களில் 5 முதல் 35 சதவீதம் பேருக்கு இது திரும்புகிறது. அவர்களில் பாதிப் பேருக்கு, முதல் 5 வருடத்துக்குள். மீதி 10 வருடம், அதற்கு மேலும் ஆகலாம். ஆபரேஷன் முடிந்த சில நாட்களில் காலை ரத்த கார்டிசால் டெசிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால் நல்ல அறிகுறி. அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இருக்கும், பாருங்கள். ஆனால் அப்படி இறங்கியவர்களுக்கும் திரும்பியிருக்கிறது. அதனால்தான் ஆயுசு முழுக்க வருடம் ஒருமுறை டெஸ்ட் என்கிறார்கள். 'குணமாகிவிட்டது, இனி வர வேண்டாம்' என்று அனுப்பிவிடுகிற டாக்டர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

சுகர், பி.பி., எடை மூன்றும் வயதானாலே வரும். அவற்றை விட அம்மா தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடிகிறதா பாருங்கள். தொடைத் தசை இளைப்பதும், லேசாக இடித்தாலே நீலம் பாய்வதும் இந்த நோயின் பக்கம் கைகாட்டுபவை. எனக்கு வளையல் மாட்டும்போதே மணிக்கட்டு கன்றிப்போனது. முகம் உப்பியதைப் பார்த்து எங்கள் அத்தை, "இப்பதான் கன்னம் வெச்சு லட்சணமா இருக்கே" என்றார். என்ன சொல்ல!

டெஸ்ட்டுக்கு வருவோம். கார்டிசால் காலையில் உச்சத்தில் இருந்து நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்க வேண்டும். நோய் திரும்பும்போது பெரும்பாலும் முதலில் கெடுவது இந்த இராத்திரி இறக்கம்தான். ஆகவே இரவு 11 மணி வாக்கில் எடுக்கிற எச்சில் கார்டிசால் டெஸ்ட் முதலில் காட்டிக்கொடுக்கும். லேப்பில் 'சலைவரி கார்டிசால்' என்று கேளுங்கள். பஞ்சுக் குச்சியை வாயில் ஒன்றிரண்டு நிமிடம் ஊறவைத்துக் குப்பியில் போட்டு மூட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன் சாப்பிடவோ பல் தேய்க்கவோ கூடாது. ஈறில் ரத்தம் கசிந்தாலே அளவு தப்பும். ஒரே இரவு போதாது, வேறு வேறு இரவுகளில் இரண்டு மூன்று தடவை எடுங்கள். இருமலுக்கு அதிமதுரம் சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அதுவும் இந்த அளவைக் கூட்டிக்காட்டும்.

அடுத்தது இரவில் 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போட்டுவிட்டு காலை எட்டு மணிக்கு எடுக்கிற ரத்த கார்டிசால். 1.8 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சந்தேகம். 24 மணி நேரச் சிறுநீர் டெஸ்ட் பெரும்பாலும் கடைசியாகத்தான் மாறும். அது மட்டும் நார்மல் என்றால் நிம்மதி கொள்ளாதீர்கள்.

திரும்பியிருந்தாலும் வழிகள் உண்டு: மறு ஆபரேஷன், ரேடியேஷன், மாத்திரை, கடைசியாக அட்ரினல் இரண்டையும் எடுப்பது. நான் இப்போது கார்டிசாலைக் குறைக்கிற கீட்டோகொனசோல் மாத்திரையில் இருக்கிறேன். கூடவே அடிக்கடி லிவர் டெஸ்ட்.

முதலில் எண்டோகிரைனாலஜிஸ்ட்டிடம், அதாவது ஹார்மோன் டாக்டரிடம் போங்கள். பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டையும் எடுத்துப்போங்கள். மூட்டுவலி ஊசி, ஆஸ்துமா இன்ஹேலர், தோல் களிம்பு, பெயர் தெரியாத நாட்டு மருந்துப் பொடி என்று அம்மா எதை எடுத்தாலும் அவரிடம் சொல்லுங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கணக்கே மாறிவிடும். அதற்காக நீங்களாக எதையும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.