டிஜிட்டல் ஊடகமும் தொழில்நுட்பமும் கல்வியையும் தலைமையையும் எப்படி மாற்றுகின்றன? எல்லையோரத் தமிழ்ப் பள்ளியிலிருந்து ஒரு பதில்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பகுதியிலுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வழி வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். கூடுதல் பொறுப்பாக லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் கணினி மன்றத்தையும் கவனித்துக்கொள்கிறேன். கேள்வியில் கல்வியையும் தலைமையையும் சேர்த்துக் கேட்டிருப்பது பொருத்தமானது. எங்கள் ஊரில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடிவதில்லை. கருவிகள் வந்த பிறகு, அவற்றையும் அவற்றில் வரும் மொழியையும் ஒருங்கே கையாளத் தெரிந்தவர் யாரோ அவர் பக்கம் பள்ளியின் அதிகாரம் மெல்ல நகர்ந்துவிட்டது. நான் கண்ட பெரிய மாற்றம் இதுதான். பாடம் நடத்தும் முறையில் நேர்ந்த மாற்றம்கூட இதற்கு அடுத்தபடிதான்.

கேரளம் இதில் தாமதமாக இறங்கிய மாநிலம் அன்று. பள்ளிகளில் கணினிக் கல்விக்கான ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001-லேயே தொடங்கியது. விக்டர்ஸ் கல்வி அலைவரிசையை 2005 ஜூலையில் அப்துல் கலாம் தொடங்கி வைத்தார். அத்திட்டமே 2017-இல் கைட் என்னும் அரசு நிறுவனமாக உருமாறி, 2018 முதல் 4,752 பள்ளிகளில் எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் வழங்கியது. அவற்றில் ஓடுவது கட்டற்ற மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணச் சுமையும் இல்லை. எங்கள் பிள்ளைகள் கிம்ப்பில் படம் வரைவதும் ஸ்கிராட்ச்சில் விளையாட்டு உருவாக்குவதும் இப்படித்தான் சாத்தியமாயிற்று. இதைப் பாராட்டாமல் மேலே எழுதுவது நன்றிகெட்ட செயலாகும்.

ஆயினும் இந்த ஏற்பாடுகள் மலையாளத்தை நடுவில் வைத்துத் திட்டமிடப்பட்டவை. அது மாநிலத்தின் மொழி என்பதால் அதில் வியப்பில்லை. சிறுபான்மை மொழியில் படிக்கும் பிள்ளைக்கு அதே வசதி வேறொரு விலையில் வந்து சேர்கிறது என்பதைத்தான் யாரும் எளிதில் கவனிப்பதில்லை. கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த 2020-இல், ஜூன் முதல் தேதி விக்டர்ஸ் அலைவரிசையில் ஃபர்ஸ்ட் பெல் என்ற பெயரில் வகுப்புகள் தொடங்கியபோது, மலையாள வழியில் படித்த பிள்ளைக்கு வீட்டில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால் போதுமானதாக இருந்தது. தமிழ் வழி வகுப்புகளோ பெரும்பாலும் யூடியூப் வழியாகவே வந்தன. ஆகவே எங்கள் பிள்ளைக்கு ஸ்மார்ட்போனும் டேட்டாவும் தேவைப்பட்டன. வீட்டிலிருந்த ஒரே போன் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய், இரவு சார்ஜ் தீர்ந்து வீடு திரும்பும். மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு இதற்கும் மேலே ஒரு தொல்லை: போன் இருந்தாலும் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடி நடக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு எங்கள் தெருக்களில், பகலில் போன் இருந்த வீட்டுப் பிள்ளையே மற்றவர்களைத் திண்ணையில் உட்கார வைத்துப் பாடத்தை ஓட்டிக் காட்டி, புரியாத இடத்தில் நிறுத்தி விளக்கி, கணக்குகளைச் சரிபார்த்து எனக்கு அனுப்பியது. அந்தப் பிள்ளைகளை வகுப்புத் தலைவர்களாக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

லிட்டில் கைட்ஸ் 2018 ஜனவரியில் தொடங்கப்பட்டது. எட்டாம் வகுப்பில் ஒரு தகுதித் தேர்வு வைத்து உறுப்பினர்களைச் சேர்ப்பார்கள். அனிமேஷன், நிரலாக்கம், ரோபோட்டிக்ஸ் என்று பயிற்சி நடக்கும். வகுப்பில் புரொஜெக்டர் மக்கர் செய்தால் ஆசிரியர் கூப்பிடுவதும் இவர்களைத்தான். 2022-இல் இம்மன்றத்தின் பிள்ளைகளே தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கும் திட்டம் வந்தது. பாடப்பொருள் மலையாளத்தில் இருந்தது. மன்றத்தில் நன்றாகக் கணினி அறிந்த மாணவர்கள் இருந்தும், அதைத் தமிழ்த் தாய்மார்களுக்கு ஏற்றபடி சொல்ல வல்லவள், தகுதித் தேர்வில் இடம் கிடைக்காமல் போன ஒரு மாணவி. அவளையும் சேர்த்துக்கொண்டோம். ஓடிபி பற்றி அவள் விளக்கிக்கொண்டிருந்தபோது முன்வரிசையிலிருந்த ஓர் அம்மா எழுந்து, “தொழிலுறப்புக் காசு ஏறணும், நம்பரைச் சொல்லுங்கன்னு போன்ல கேட்டாங்களே கண்ணு, அதுக்கும் சொல்லக் கூடாதா?” என்றார். தொழிலுறப்பு என்பது நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு இங்கே வழங்கும் பெயர். ஸ்லைடில் இதற்கு விடை இல்லை. அவள் சற்று யோசித்துவிட்டு, “காசு உங்களுக்கு வர்றதுக்கு நம்பர் வேண்டியதில்லைங்க பெரியம்மா, உங்க காசு போறதுக்குத்தான் நம்பர் வேணும்” என்றாள். வங்கிகள் அனுப்பும் எச்சரிக்கைகள் எதிலும் இவ்வளவு தெளிவான வாக்கியத்தை நான் படித்ததில்லை. தகுதித் தேர்வு கணினித் திறனைச் சரியாகவே அளந்தது; அன்று கூட்டத்தில் தேவைப்பட்ட திறனை அளக்க அதில் வழியில்லை.

சமூக ஊடகம் தலைமையை எப்படி மாற்றியது என்பதற்கு மழைக்காலமே போதும். கேரளத்தில் மாவட்ட ஆட்சியரின் முகநூல் பக்கத்தைப் பள்ளிப் பிள்ளைகள் அளவுக்கு ஆவலோடு பார்ப்பவர் வேறு யாருமில்லை. மழை விடுமுறை அங்குதான் முதலில் வரும். 2022 ஆகஸ்டில் ஆலப்புழையில் பொறுப்பேற்ற ஆட்சியர் கிருஷ்ண தேஜா, தம் முதல் உத்தரவே பிள்ளைகளுக்கான விடுமுறை என்று அவர்களிடம் நேராகப் பேசுவதுபோல் எழுதியது மாநிலம் முழுவதும் பரவியது. அரசு அதிகாரி குழந்தையிடம் நேரடியாகப் பேசுவது நல்ல மாற்றம்தான். எங்கள் ஊர்ச் சிக்கல் வேறு: கோவை மாவட்டத்துக்கு விடுமுறை என்று தமிழ்த் தொலைக்காட்சியில் ஓடும் வரியைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் பெற்றோரும் உண்டு, பாலக்காட்டு ஆட்சியரின் மலையாள அறிவிப்பைப் படிக்க இயலாமல் கொட்டும் மழையில் பள்ளிக்கு அனுப்பிவிடும் பெற்றோரும் உண்டு. போதாக்குறைக்குப் போன வருட அறிவிப்பின் தேதியை மாற்றி யாராவது குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். பொய்ச் செய்தியைக் கண்டறியும் பயிற்சியைக் கைட் 2022-இல் சத்யமேவ ஜயதே என்ற பெயரில் பள்ளிகளில் நடத்தியபோது, நான் வேறு உதாரணம் தேடவில்லை. இந்தப் போலி விடுமுறைப் படங்களையே எடுத்துக்கொண்டு, ஆட்சியரின் பக்கத்துக்கே போய்ச் சரிபார்க்கக் கற்றுக்கொடுத்தேன். தனக்கு லாபமான பொய்யை நம்ப மறுப்பதுதான் பயிற்சியின் கடினமான பகுதி என்பதை எட்டாம் வகுப்பு உடனே புரிந்துகொண்டது.

இனித் தலைமையாசிரியரின் மேசைக்கு வருகிறேன். மாணவர் விவரங்களுக்குச் சம்பூர்ணா, பாடப்பொருளுக்குச் சமக்ரா, மதிய உணவுக் கணக்குக்கு ஒரு தளம், உதவித்தொகைக்கு இன்னொரு தளம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே பயனுள்ளவை, ஒன்றுசேர்ந்தால் எச்.எம். நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடிவதில்லை. யுனெஸ்கோ தன் 2024-ஆம் ஆண்டின் உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையைக் கல்வியில் தலைமை என்ற பொருளுக்கே ஒதுக்கியது. பள்ளித் தலைவர்களின் நேரத்தை நிர்வாக வேலைகள் விழுங்கிவிடுவதால் கற்பித்தலை வழிநடத்த அவர்களுக்கு நேரம் எஞ்சுவதில்லை என்னும் கவலை அதிலும் பேசப்படுகிறது. இதன் இன்னொரு விளைவை நான் பல பள்ளிகளில் பார்க்கிறேன். தலைமையாசிரியருக்குத் தளங்கள் கைவராத இடத்தில், கைவந்த ஓர் இளம் ஆசிரியரிடம் கடவுச்சொற்கள் அனைத்தும் போய்ச் சேர்கின்றன. அவர் விடுப்பெடுத்தால் பள்ளியே நின்றுபோகிறது, அவர் விரும்பாத காரியம் தள்ளிப்போகிறது. பெயர்ப்பலகையில் ஒருவர், நடப்பில் இன்னொருவர். இதற்கு இளைய ஆசிரியரைக் குறைசொல்வதில் பொருளில்லை. வேலையைப் பகிர்ந்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இருவரைப் பழக்கி வைக்காத தலைமையே இதற்குப் பொறுப்பு.

மொழி பற்றி ஒன்று. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ளவும் அதே மொழியில் பதில் பெறவும் இடமளிக்கிறது. காகிதக் காலத்தில் எழுதப்பட்ட இந்த உரிமை, மலையாளமும் ஆங்கிலமும் மட்டுமே தெரிந்த இணையப் படிவத்தின் முன் வந்து நின்றுவிடுகிறது. சமக்ராவில் தமிழ்ப் பாடநூல்கள் கிடைக்கின்றன என்பது பெரிய ஆறுதல். வாட்ஸ்அப்பில் வரும் சுற்றறிக்கையை ஆசிரியரோ மாணவரோ தமிழில் படித்துக் குரல்பதிவாக அனுப்புவதுதான் இன்றும் நடைமுறை.

செயற்கை நுண்ணறிவு இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். கைட் 2024-இல் உயர்நிலை, மேனிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சியும் அளித்தது. நானும் பயன்படுத்துகிறேன், மலையாளச் சுற்றறிக்கையைத் தமிழாக்க அது பெரிதும் உதவுகிறது. பாடத்தில் அப்படியில்லை. உள்ளாட்சி பற்றிய பாடத்துக்கு ஒரு மாணவன் தமிழில் கேள்வி கேட்டு விடை வாங்கி வந்தான். எழுத்துப் பிழை இல்லை, நடையும் நன்றாக இருந்தது. ஆனால் விடை முழுவதும் தமிழ்நாட்டுக்கு உரியது. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகள் 12,000-க்கும் மேல். கேரளத்தில் கிராமப் பஞ்சாயத்துகள் 941 மட்டுமே, ஒவ்வொன்றும் அளவில் மிகப் பெரியது, ஆகவே பணிகளும் நிர்வாகமும் வேறு. தமிழில் கேட்டால் கேட்பவர் தமிழ்நாட்டுக்காரர் என்று இயந்திரம் தானாக முடிவு செய்துகொள்கிறது. இப்போது எங்கள் வகுப்பில் இயந்திரம் தரும் விடையைப் பாடநூலோடு ஒப்பிட்டுத் தவறுகளைக் குறித்து வைக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. அதை எழுதுவது மாணவர்கள். எது தவறு என்று முடிவு செய்வதில் சந்தேகம் வந்தால் மட்டும் என்னிடம் வருகிறார்கள். சில சமயம் பாடநூலிலேயே பழைய விவரம் இருப்பதையும் அவர்கள் கண்டுபிடித்து, அதற்கென்று பின்பக்கத்தில் தனிப் பட்டியல் தொடங்கியிருக்கிறார்கள்.