உப்புக்காற்றில் ஒரு பழைய ரேவா: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மண்டபத்தில் என் வீட்டு வாசலில் நிற்கும் சிவப்பு ரேவாவைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "இது ஓடுமா?" ஓடும். 2004இல் பதிவான வண்டி. உச்சிப்புளிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் ஏழு வருடம் அசையாமல் கிடந்ததை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை பார்த்து, இரண்டு வருடத்தில் சாலையில் இறக்கினேன்.

தெரியாதவர்களுக்காக: ரேவா 2001இல் பெங்களூரில் விற்பனைக்கு வந்த சின்ன மின்சார கார். இரண்டு கதவு. முன்சீட்டுகளுக்கு அடியில் எட்டு 6 வோல்ட் ஈய அமில பேட்டரிகள், தொடராக 48 வோல்ட். மோட்டார் பின்பக்கம். நம் கடற்கரையில் இதே காரையும் பழைய பேட்டரி ஸ்கூட்டரையும் வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

தங்கச்சிமடம், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்: அண்ணே, பத்து வருடமாக நின்ற ரேவா ஒன்று சல்லிசாக வருகிறது. பேட்டரி செத்துவிட்டது. முதலில் பேட்டரி வாங்கிப் போட்டு, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்கலாமா?

வேண்டாம் தம்பி. நான் அப்படிச் செய்துதான் பணத்தை விட்டேன். வண்டி வந்த வாரமே எட்டு புது பேட்டரி வாங்கி அடுக்கினேன். வயரிங் முடிய எட்டு மாதம் ஆனது. அதற்குள் பேட்டரிகள் சும்மா நின்றே சார்ஜ் இறங்கி, மூன்று எழுந்திருக்கவே இல்லை. ஈய பேட்டரி காலியாக நின்றால் தகடுகளில் ஈய சல்பேட் படியும். புதிதாகப் படிந்தது சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் படிகமாக இறுகிப்போகும், அப்புறம் என்ன செய்தாலும் கரையாது. நம் ஊர் வெக்கையில் சார்ஜ் இன்னும் வேகமாக இறங்கும்.

அதனால் பேட்டரியைக் கடைசியில் வாங்குங்கள். மோட்டாரும், அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் கண்ட்ரோலரும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க, நான்கு 12 வோல்ட் கார் பேட்டரியை இரவல் வாங்கித் தொடராக இணைத்தால் போதும். நடுவில் ஃபியூஸ் கட்டாயம். பின்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள்.

நீங்கள் வெல்டிங் தெரிந்தவர், அதனால் வாங்கும் முன்பே சட்டத்தைப் பாருங்கள். ரேவாவுக்கு எலும்பு இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே போர்த்தியிருப்பது பிளாஸ்டிக். மேலே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே குழாய் பொத்துப் போயிருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல குழாய் 'ணங்' என்று ஒலிக்கும், அரித்தது 'தொப்' என்று அடங்கும். என் வண்டியில் பேட்டரித் தட்டுக்குக் கீழேதான் 'தொப்' வந்தது. மேலிருந்து அமிலம், கீழிருந்து உப்பு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் இரும்பு எப்படி அரிக்கிறது என்று சோதிக்க மண்டபத்துக்கு வந்தது சும்மா இல்லை.

துருவைச் சுரண்டி உடனே பெயின்ட் அடித்தால் உள்ளே சிக்கிய உப்பு ஆறு மாதத்தில் கொப்புளமாக வெளியே வரும். சுரண்டு, நல்ல தண்ணீரில் கழுவு, காயவிடு, மறுபடி சுரண்டு. மூன்று முறையாவது இப்படிச் செய்த பிறகு எப்பாக்ஸி பிரைமர் அடியுங்கள். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி, கண்ட்ரோலர், சார்ஜர் மூன்றின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும்.

கீழக்கரை: என் வண்டியில் பேட்டரி இரண்டு வருடப் பழசு. எது நல்லது, எது போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வோல்ட் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள் காக்கா. முழுச் சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு சும்மா விட்டு, காலையில் ஹைட்ரோமீட்டரை (அமிலத்தின் அடர்த்தி பார்க்கும் கருவி) எடுங்கள். ஒரு 6 வோல்ட் பேட்டரியில் மூன்று செல், ஆக மொத்தம் 24 செல். ஒவ்வொன்றிலும் உறிஞ்சிப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். அடர்த்தி 1.26லிருந்து 1.28 வரை இருந்தால் ஆரோக்கியம். ஒரே பேட்டரிக்குள் இரண்டு செல் 1.27 காட்ட, மூன்றாவது 1.20இல் நின்றால் அந்தப் பேட்டரி போகப்போகிறது என்று அர்த்தம். தொடர் இணைப்பில் ஒரு நோஞ்சான் மற்ற ஏழு பேட்டரிகளையும் இழுத்து நிறுத்திவிடும்.

இன்னொன்று, கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எதையும் பேட்டரியில் ஊற்றாதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நம் பக்கத்துத் தண்ணீரில் இருக்கும் குளோரைடு தகடுகளைத் தின்றுவிடும்.

பாம்பன், பைபர் படகு வைத்திருப்பவர்: வயரை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்திருக்கிறது. முழுவதும் மாற்ற வேண்டுமா?

கறுப்பு எங்கே முடிகிறதோ அதுவரை வெட்டிப் பாருங்கள். படகில் பார்த்திருப்பீர்கள், உப்பு ஈரம் கம்பி இழைகளின் இடுக்கு வழியே திரி எண்ணெய் உறிஞ்சுவதுபோல் ஏறும். என் வண்டியில் பிளஸ் கேபிளின் உறையை உரித்தேன். லக்கு (கேபிள் நுனியில் போல்ட் மாட்டும் உலோகக் காது) பக்கம் பச்சைப் பொடி, நான்கு விரல் தள்ளிக் கறுப்பு, அதற்கும் அப்பால் ஒரு முழம் தாண்டித்தான் ரோஸ் நிறச் செம்பு தெரிந்தது. வெளி உறையில் ஒரு வெடிப்புகூட இல்லை! அன்றைக்கே எல்லாத் தடித்த கேபிள்களையும் மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

மாற்றும்போது படகுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிள் வாங்குங்கள். லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்துங்கள், சுத்தியலால் நசுக்க வேண்டாம். மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். போல்ட்டை முறுக்கி முடித்த பிறகுதான் வாசலின் தடவ வேண்டும், முன்பே தடவினால் இணைப்புக்குள் போய்விடும்.

வேலை சரியா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி முனையிலும், மறுமுனையைக் கேபிள் லக்கிலும் வைத்துக்கொண்டு வண்டியை இன்னொருவரை ஓட்டி நகர்த்தச் சொல்லுங்கள். 100 ஆம்பியர் ஓடும்போது அந்த ஓர் இணைப்பில் 0.5 வோல்ட் விழுந்தால், 50 வாட் சூடு அந்த இடத்திலேயே எரிகிறது. ஈயமுனை உருகுவது இப்படித்தான். இந்தச் சோதனையை எல்லா இணைப்புக்கும் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும்.

ஏர்வாடி: பம்பர் ஓரம் பிளந்திருக்கிறது. படகுக்கு பைபர் ஒட்டுபவரை வைத்து ஒட்டலாமா?

ஒட்டும், ஆனால் நிற்கும் என்று நம்ப முடியாது. ரேவாவின் மேல்பாகம் ஏபிஎஸ் பிளாஸ்டிக், படகு ரெசின் அதை நன்றாகப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. உள்பக்கம் யாருக்கும் தெரியாத இடத்திலிருந்து கொஞ்சம் ஏபிஎஸ் துண்டு வெட்டி, அசிட்டோனில் ஊறப்போடுங்கள். ஒரு நாளில் கூழாகிவிடும். அந்தக் கூழைப் பிளவில் உள்பக்கமாகப் பூசினால் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காகச் சேரும். இதே காரணத்தால், கறை போக்குகிறேன் என்று தின்னரை மேலே தேய்த்துவிடாதீர்கள்.

தேவிபட்டினம், பள்ளி ஆசிரியை: அப்பா 2008இல் வாங்கிய பேட்டரி ஸ்கூட்டரை நானே சரிசெய்ய ஆசை. 48 வோல்ட் ஷாக் அடிக்குமா?

தாராளமாகச் செய்யுங்கள் டீச்சர். உலர்ந்த கையில் 48 வோல்ட் பெரிதாக உறைக்காது, வியர்த்த கையில் உறைக்கும். நான் அதிகம் பயப்படுவது ஷார்ட்டுக்கு. பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒரு ஸ்பேனர் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், ஸ்பேனர் வெல்டிங் ஆகி ஒட்டிக்கொள்ளும். மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாம் கழற்றி வையுங்கள். ஸ்பேனர் பிடியில் பழைய சைக்கிள் டியூபை மாட்டிக்கொள்ளுங்கள்.

பேட்டரியைக் கழற்றிய பிறகும் கண்ட்ரோலரின் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். 100 வாட் குண்டு பல்பின் இரண்டு வயரையும் அதன் பிளஸ், மைனஸில் சில நொடி வையுங்கள், இறங்கிவிடும். திரும்ப இணைக்கும்போதும் முதலில் அதே பல்பு வழியாக இணைத்து, பிறகு நேரடியாக மாட்டினால் 'பட்' என்று பொறி பறக்காது. பிள்ளைகளுக்கு கெப்பாசிட்டர் பாடம் நடத்தவும் உதவும்.

ஸ்கூட்டரின் ஹப் மோட்டாரிலிருந்து (சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார்) மூன்று தடித்த வயரும் ஐந்து மெல்லிய வயரும் வரும். மோட்டார் நின்ற இடத்திலேயே நடுங்கினால் அந்த மெல்லிய வயர்களின் கனெக்டரைத்தான் முதலில் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் பச்சை பூத்திருக்கும்.

தொண்டி: ஐப்பசி மழையோடு கடல் தண்ணீரும் ஏறி, கார் சீட் வரைக்கும் நின்றது. காயவைத்தால் போதுமா?

போதாது. பேட்டரி மூடிக்குள் கடல் தண்ணீர் போயிருந்தால் அதைச் சார்ஜ் போடவே கூடாது. குளோரின் வாயு வரும், அது நுரையீரலைக் கெடுக்கும். கதவுகளைத் திறந்து வைத்து, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று பேட்டரிகளை வெளியே எடுத்து, பழைய பேட்டரி எடுப்பவரிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 கிலோ, இரண்டு பேராகத் தூக்குங்கள். மோட்டாரையும் வயரிங்கையும் நல்ல தண்ணீரில் கழுவிய பிறகே காயவைக்க வேண்டும். கழுவாமல் காயவைத்தால் உப்பு அங்கேயே தங்கும்.

ராமேஸ்வரம், ஆட்டோ ஓட்டுநர்: மோட்டாரைப் பிரித்தேன். கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்பு உருளை) பழுப்பாக இருக்கிறது. எமரி போட்டுப் பளபளப்பாக்கவா?

தொடாதீர்கள்! சீராகப் பரவிய காப்பிப்பொடி நிறம் இருந்தால் அது ஆரோக்கியம், கார்பன் பிரஷ் வழுக்கிப் போவதற்கான படலம் அது. கறுத்துத் திட்டுத் திட்டாக இருந்தால் மட்டும் மெல்லிய கண்ணாடி உப்புத்தாளால் லேசாக. எமரித் தூள் மின்சாரம் கடத்தும், இடுக்கில் தங்கினால் ஷார்ட்.

பழைய ரேவா மோட்டாரில் ஃபீல்டுக்கும் (அசையாத காந்தச் சுருள்) ஆர்மெச்சருக்கும் (சுழலும் சுருள்) மின்சாரம் தனித்தனி. சோதிக்கிறேன் என்று ஃபீல்டுக்குக் கொடுக்காமல் ஆர்மெச்சருக்கு மட்டும் பேட்டரியைத் தொட்டுவிடாதீர்கள். கட்டுப்பாடில்லாமல் வேகம் ஏறிச் சிதறிவிடும்.

சாயல்குடி: லித்தியம் போட்டால் எடையும் குறையும், தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லையே?

உண்மைதான். ஆனால் பழைய சார்ஜரை அப்படியே வைத்துக்கொண்டு போடக்கூடாது. அது ஈய பேட்டரிக்குத் தக்கபடி வோல்ட்டை ஏற்றி இறக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் 16 செல் போட்டால் 58.4 வோல்ட் உச்சம், அதைத் தாண்டவே கூடாது. ரேவா மோட்டார் உச்சத்தில் 13 கிலோவாட் இழுக்கும், 48 வோல்ட்டில் அது 270 ஆம்பியர். கடையில் எளிதாகக் கிடைக்கும் 100 ஆம்பியர் பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) வண்டி கிளம்பும்போதே துண்டித்துவிடும். சார்ஜர், பிஎம்எஸ் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க முடிந்தால் இறங்குங்கள். இல்லையென்றால் ஈயமே இருக்கட்டும்.

பட்டணம்காத்தான்: விண்டேஜ் என்று பதிவு செய்யலாமா?

முடியாது. 2021 விதிப்படி அதற்கு 50 வயது ஆக வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். பேட்டரி வண்டிக்குப் புதுப்பிக்கும் கட்டணம் கிடையாது என்று 2021 ஆகஸ்டிலேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது. ஆர்டிஓ அலுவலகத்தில் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

மண்டபம், பக்கத்துத் தெரு: மாமா, இதில் தனுஷ்கோடி போய் வரலாமா?

இங்கிருந்து கிளம்பி ஒரே சார்ஜில் போய்த் திரும்ப நினைக்காதே மாப்பிள்ளை. புதிதில் 80 கிலோமீட்டர் என்று சொல்லி விற்ற வண்டி, அதில் முக்கால்வாசிக்கு மேல் இழுத்தால் பேட்டரியின் ஆயுள் போகும். ராமேஸ்வரத்தில் உறவுக்காரர் வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் போட்டுவிட்டு, அங்கிருந்து தனுஷ்கோடி தாண்டிச் சாலை முடியும் அரிச்சல்முனை போய் வா. போக ஏறக்குறைய 20 கிலோமீட்டர், வர அதே அளவு, தாங்கும். வேகம் 40க்கு மேல் போகாதே, காற்று எதிரே அடித்தால் இன்னும் மெதுவாகப் போ. மணலில் இறக்காதே. திரும்பி வந்ததும் சக்கரத்தையும் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரில் கழுவி, அன்று இரவே சார்ஜில் போடு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே.