மேசை வாங்கப் போகும் தம்பிக்கு

"ஒஹையோவில் கொலம்பஸ் வந்து எட்டு மாதம் ஆகிறது அக்கா. ஹோம்ஸ் கவுண்டிக்குப் போய், கார் வேண்டாம் என்று பழைய வழக்கப்படி வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ்காரர்களிடம் சாப்பாட்டு மேசை செய்யக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். ஓக், மேப்பிள், செர்ரி, வால்நட் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். எந்த மரம், எந்த ஸ்டெயின்? பேரம் பேசலாமா? வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொண்டுவந்து தருவார்கள், அதைக் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். பேரம் மட்டும் வேண்டாம். நம்மவர் ஒருவர் என் கண்ணெதிரே ரங்கநாதன் தெரு கணக்கில் பாதி விலைக்குக் கேட்டார். தொப்பி போட்ட பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். கூட நின்ற எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எட்டு மாதத்தில் மேசை வாங்கும் நிலைக்கு வந்துவிட்டீர்கள், சந்தோஷம். 1998 ஜனவரியில் நாங்கள் வந்து இறங்கியபோது டிவி வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, மேலே வேட்டியை விரித்து ஐந்து மாதம் சாப்பிட்டோம். அப்புறம் வாங்கியது நாமே திருகி மாட்டிக்கொள்ளும் மேசை. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. ஒருநாள் ரசம் வழிந்து ஓரத்தில் இறங்கிவிட்டது. மறுநாள் பார்த்தால் அந்த ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது. தேக்குக் கட்டிலில் படுத்து வளர்ந்தவள் நான். அன்றைக்கு அழுதேன்.

சரி, ஸ்டெயினுக்கு, அதாவது மரத்துக்கு ஏற்றும் சாயத்துக்கு வருகிறேன். கடைக்குள் நுழைந்ததும் சுவரில் சின்னச் சின்ன மரத்துண்டுகள் வரிசையாக மாட்டியிருக்கும், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண். எல்லாரும் அங்கேயே நின்று, பிடித்த எண்ணைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஓக் துண்டில் பார்த்த நிறத்தை மேப்பிள் மேசைக்குப் போடச் சொன்னால் வந்து சேர்வது வேறு மேசை. ஓக்கின் அகலமான துளைகள் சாயத்தைக் குடித்து ரேகை கறுப்பாக எழும்பி நிற்கும். மேப்பிளில் நார் நெருக்கம். சாயம் சரியாக இறங்காமல் சில இடங்களில் திட்டுத் திட்டாக நிற்கும். அதனால் முதலில் மரத்தை முடிவு செய்யுங்கள். பிறகு அதே மரத்தில் பூசிய துண்டைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்து வந்து, உங்கள் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். அங்கே பல கடைகளில் கூரைக் கண்ணாடி வழியாகப் பகல் வெளிச்சம் விழுகிறது. உங்கள் வீட்டில் மஞ்சள் பல்பு.

செர்ரிக்கு மயங்கித்தான் நான் மாட்டிக்கொண்டேன். 2004-இல் வாங்கிய மேசை அது. மாமியார் பின்னித் தந்த துணியை நடுவில் நீளமாக விரித்து வைத்தேன். ஆறு மாதம் கழித்து எடுத்தால் நடுவில் வெளிறிய ஒரு பட்டை, இரண்டு பக்கமும் செம்பழுப்பு! செர்ரி வெளிச்சம் பட்டுப் பட்டுக் கறுக்கும் மரம். துணிக்கு அடியில் கறுக்கவில்லை. மேசையை நீட்ட நடுவில் போடும் உபரிப் பலகைகளை அலமாரியில் வைத்திருந்தேனே, அவை இன்னும் வெளுப்பு. விருந்தாளி வந்தால் இரு நிற மேசை. வாங்கிய முதல் வருடம் துணி, தட்டு விரிப்பு எதையும் ஒரே இடத்தில் விடாதீர்கள், உபரிப் பலகைகளையும் வெளியிலேயே வையுங்கள். வால்நட் இதற்கு நேர் எதிர், வெயில் பட்டால் வெளிறும். வால்நட்டுக்கு ஸ்டெயின் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பொன்னுக்கு முலாம் பூசுகிற வேலை.

பிரவுன் மேப்பிள் என்று ஒன்றைச் சொல்வார்கள். பெயரைப் பார்த்துப் பழுப்பு மரம் என்று நினைக்காதீர்கள். மென் மேப்பிளில் பழுப்பு வரிகள் ஓடும் பலகைகள் அவை. விலை குறைவு. அடர்ந்த நிறமோ பெயின்ட்டோ போட நல்லது, லேசான நிறம் போட்டால் வரியெல்லாம் தெரியும். கடினத்தை ஜான்கா என்ற அளவில் சொல்வார்கள்: சிறு எஃகுக் குண்டைப் பாதி வரை மரத்துக்குள் அமுக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பது கணக்கு. செர்ரியும் மென் மேப்பிளும் 950 வாக்கில், சிவப்பு ஓக் 1290, வெள்ளை ஓக் 1360, கெட்டி மேப்பிள் 1450, ஹிக்கரி 1820. உங்கள் வீட்டில் எவர்சில்வர் டம்ளரை ணங்கென்று வைக்கிற வயதில் குழந்தை இருந்தால் 950 பக்கம் போகாதீர்கள்.

என்னைக் கேட்டால் குவார்ட்டர் சான் வெள்ளை ஓக். மரத்தின் வளர்ச்சி வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுப்பது. மேலே வெள்ளி இழை போலப் பட்டைகள் மின்னும், மற்ற அறுப்பை விட விரிவதும் சுருங்குவதும் குறைவு. வெள்ளை ஓக்கின் துளைகள் உள்ளுக்குள் அடைபட்டிருக்கும், விஸ்கி பீப்பாய் செய்வது அதில்தான். சிவப்பு ஓக்கில் துளை திறந்தே இருக்கும், துண்டை நீரில் முக்கி மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். இதையெல்லாம் எனக்குக் காட்டியவர் ஒரு பட்டறைக்காரர். அவர்கள் பேச்சில் ஆமிஷ் அல்லாத எல்லாருமே "இங்கிலீஷ்". அலுவலகத்தில் என் உச்சரிப்பு புரியவில்லை என்று மூன்று முறை திருப்பிச் சொல்ல வைப்பார்கள், அங்கே போனால் நான் இங்கிலீஷ்காரி! தங்களுக்குள் அவர்கள் பேசுவது பென்சில்வேனியா டச்சு, பெயர்தான் டச்சு, உண்மையில் ஒரு ஜெர்மன் வட்டார மொழி. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த பிள்ளைகள் இன்றும் வீட்டில் அதைத்தான் பேசுகிறார்கள். நம் ஆட்கள் விமானம் ஏறிப் பத்து வருடத்தில் "புரியும், ஆனால் பேச வராது" என்று பிள்ளைகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார்கள். என் வாயைக் கிளறாதீர்கள்.

ஓக் வாங்கினால் ஒரு எச்சரிக்கை. ஈரமான இரும்பு தோசைக்கல்லை அதன் மேல் வைக்காதீர்கள். ஓக்கில் துவர்ப்புச் சத்து அதிகம். வார்னிஷ் தேய்ந்த இடத்தில் ஈரமும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கறை விழும். கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து மை காய்ச்சுவார்களே, அதே சங்கதி. மஞ்சள் கறை அவ்வளவு மோசமில்லை, உடனே துடைத்தால் போதும், மிச்சம் வெயிலில் மங்கிவிடும். வெள்ளைப் பெயின்ட் அடித்த மேற்பலகை மட்டும் வேண்டவே வேண்டாம். சாம்பார் வீட்டுக்கு அது ஆகாது. மேலே என்ன பூச்சு என்று கேளுங்கள், கன்வெர்ஷன் வார்னிஷ் என்றால் சூட்டையும் நீரையும் ஓரளவு தாங்கும்.

ஐப்பசி மழையில் ஊரில் கதவு இறுகிக்கொள்ளும் இல்லையா? இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று வீட்டை உலர்த்தி, மேசைப் பலகைகளுக்கு நடுவில் இடைவெளி விழும். பதறாதீர்கள், கோடையில் மூடிவிடும். சூடான காற்று வரும் துவாரத்துக்கு மேல் மட்டும் மேசையைப் போடாதீர்கள்.

என் செர்ரி மேசை இன்னும் இருக்கிறது. அந்தப் பட்டை மறைய நாலைந்து வருடம் பிடித்தது. ஜன்னல் பக்க மூலையில் ஒரு "ழ" அமுங்கியிருக்கிறது. மகன் ஒற்றைத் தாளை வைத்துப் பேனாவை அழுத்தி எழுதிய வீட்டுப்பாடம். இழைத்து எடுத்துவிடலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார், வேண்டாம் என்றேன்.

போகிற வழியெல்லாம் குதிரை வண்டிகள் வரும், மேட்டில் வேகமாக ஓட்டாதீர்கள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை போய்விடாதீர்கள். நாங்கள் முதல் தடவை போனது ஞாயிறு. ஒன்றே முக்கால் மணி நேரம் ஓட்டிப் போய், பூட்டிய கடை வாசலில் நின்று புளியோதரை சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.