பூனையை விரட்டுவதற்கு முன் ஒரு வாரம் நீங்களே துடைத்துப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் வளர்க்கும் ஆண் பூனை வீட்டுக்குள் கண்ட இடத்தில் மூத்திரம் போகிறது. சில நாள் கழிச்சலும் போகிறது. மனைவி அதை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறாள். எனக்கு மனம் வரவில்லை. தினமும் இதே சண்டை. என்ன செய்யலாம்?

பதில்:

அண்ணா, உங்கள் மனைவி இன்று நிற்கிற இடத்தில் மூன்று வருடத்துக்கு முன்பு நான் நின்றேன். அதனால் அவர் பக்கத்திலிருந்துதான் சொல்கிறேன். பூனையையும் விடவில்லை, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்களுக்குச் செங்கோட்டை. வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறார். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, புளியரை செக்போஸ்ட் தாண்டி, கேரளாவில் புனலூர், கொட்டாரக்கரையில் இறக்கிவிட்டு வருவார். இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மறுநாள் பத்து, பதினொன்று ஆகிவிடும். ஒரு தை மாதம், திரும்பி வந்த காலிக் கூடை ஒன்றுக்குள் ஒரு குட்டி இருந்தது. இரண்டு மாதக் குட்டி, செம்மண் நிறம். செம்பன் என்று அவர்தான் பெயர் வைத்தார்.

ஆனி பிறக்கும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் வாழை மூட்டில் மணல் கிடக்கும். அங்கே போய்விட்டு, மூடிவிட்டு வரும். ஆனியில் சாரல் தொடங்கியது. ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற தென்மேற்குப் பருவக்காற்று எங்கள் ஊர்ப்பக்கம் மூன்று மாதம் தூவிக்கொண்டே இருக்கும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அது சீசன். எங்களுக்குத் துணி காயாத காலம். தார்சாவில் குறுக்கே கொடி கட்டி, பாதி காய்ந்ததை நாற்காலியில் குவித்து வைத்திருப்பேன். பையனுடைய பள்ளிக்கூடச் சட்டை மேலேயே முதலில் போனது. அப்புறம் அரிசி மூட்டை ஓரம், மெத்தையின் கால்மாடு. வாசற்கதவு ஓரச் சுவரிலும் வாடை. இதற்கு நடுவே கழிச்சல் வேறு.

அவர் வருவதற்குள் நான் ஐந்து மணிக்கே எழுந்து எல்லாவற்றையும் கழுவி, பினாயில் போட்டுத் துடைத்திருப்பேன். அவருக்குத் தெரிந்தது சுத்தமான வீடும், காலைச் சுற்றுகிற பூனையும்தான். "வாயில்லா ஜீவன், அதுக்கு என்ன பிள்ள தெரியும்" என்பார். "தெரியாதுங்க. ஆனா நாந்தான தொடைக்கேன்" என்பேன். ஆடி முழுவதும் இதே பேச்சு. அவர் பூனைக்காகப் பேசுகிறார், எனக்காகப் பேச இந்த வீட்டில் ஆள் இல்லை என்ற நினைப்புதான் மூத்திர வாடையைவிட என்னை அதிகம் வருத்தியது. இதை உங்களுக்காகவே சொல்கிறேன், உங்கள் மனைவி இந்த வார்த்தையில் சொல்லியிருக்க மாட்டார்.

அத்தை ஒரு வழி சொன்னார்கள்: சாக்கில் போட்டுக் கோட்டவாசலுக்கு அந்தப்பக்கம் விட்டுவிடலாம். எல்லை தாண்டி விட்டால் திரும்பாதாம். ஒரு ராத்திரி நான் செம்பனைச் சாக்கில் போட்டும் விட்டேன். அது திமிறவில்லை, கத்தவில்லை. தூக்குவது நான்தானே என்று உள்ளே சுருண்டு படுத்துக்கொண்டது. கட்டை அவிழ்த்து வெளியே எடுத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். வளர்த்த விலங்கைக் காரணமில்லாமல் அநாதையாக விட்டுவருவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அது தெரியாமலே என்னால் முடியவில்லை.

மாற்றம் ஓணத்துக்கு அடுத்த வாரம் வந்தது. ஓணத்துக்கு முன்னால் லோடு தலைக்குமேல் இருக்கும், முடிந்ததும் நாலைந்து நாள் வண்டி நிற்கும். அந்த நாட்களில் அவர் வீட்டிலேயே இருந்தார். முதல் நாள் காலையிலேயே துணியையும் வாளியையும் அவர் கையில் கொடுத்தேன். கோபமாகக் கொடுக்கவில்லை. "இந்த நாலு நாளும் நீங்க பாருங்க, நான் எதுவும் சொல்லல" என்றேன். மூன்றாம் நாள் அவரே சொன்னார், "இத தினமும் ஒத்தையில செஞ்சியா." அதன் பிறகு எங்களுக்குள் விரட்டுவதா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை. ஏன் இப்படிப் போகிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து யோசிக்க ஆரம்பித்தோம்.

பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே குறித்தோம்: எங்கே போனது, எத்தனை மணிக்கு, தரையிலா சுவரிலா. பத்து நாளில் ஒன்று விளங்கியது. நாங்கள் ஒரே தொல்லை என்று நினைத்தது உண்மையில் மூன்று. உங்கள் வீட்டிலும் அப்படி இருக்கலாம், முதலில் பிரித்துப் பாருங்கள்.

தரையிலும் துணியிலும் குந்தி உட்கார்ந்து போனது ஒன்று. வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, வறண்ட நிலத்து விலங்கு. தோண்டி மூடக் காய்ந்த மணல் தேடுவது அதன் சுபாவம். எங்கள் வாழை மூடு சாரலில் சொதசொதவென்று கிடந்தது. வீட்டுக்குள் காலுக்கு மெத்தென்று இருந்தது துணிக் குவியல்தான். அதுவரை அது பழிவாங்குவதாக நான் நினைத்திருந்தேன். ஒருநாள் மூக்கைப் பிடித்து அந்த இடத்தில் தேய்க்கவும் செய்தேன். அப்படிச் செய்தால் பூனைக்கு இடம் புரியாது, நம்மைக் கண்டு பயப்படத்தான் படிக்கும். பயந்த பூனை இன்னும் ஒளிவான இடத்தில் போகும். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தம்தான்.

சுவரில் அடித்தது வேறு. நின்றுகொண்டு, வாலை நேராகத் தூக்கி நடுக்கி, கொஞ்சமாகப் பீய்ச்சும். வயதுக்கு வந்த கடுவன், அதாவது ஆண் பூனை, தன் எல்லையைக் குறிப்பது அது. எங்கள் வாசற்கதவுக்கு வெளியே ராத்திரி வேறொரு கடுவன் வந்து போனது. கடுவன் மூத்திரத்தில் ஃபெலினைன் என்ற பொருள் மிகுதி. அது சிதைந்து கந்தகம் கலந்த அந்தக் கொடும் வாடையாகிறது. ஆண் ஹார்மோன் கூடினால் அதுவும் கூடும். அதனால் இதற்கு மருந்து கருத்தடை ஆபரேஷன்தான்.

அதற்கு என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆம்பளப் பிள்ளைக்குக் காயடிக்கதா, பாவம்" என்றார். இரண்டு நாள் பேசவேண்டி வந்தது. திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஆண் பூனைக்கு இது சின்ன ஆபரேஷன், ஊர் சுற்றுவதும் சண்டை போட்டுக் காயப்படுவதும் குறையும் என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் இவர் மனம் இறங்கினார். ஆபரேஷன் செய்த மறுநாளே நின்றுவிடாது, ரத்தத்தில் ஹார்மோன் வடியச் சில வாரம் ஆகும். எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. பெரும்பாலான பூனைகளிடம் நின்றுவிடும், சிலவற்றிடம் கொஞ்சம் மிஞ்சும். நாள்பட்ட பழக்கமாவதற்கு முன்பே, ஐந்தாறு மாதத்திலேயே செய்துவிடுவது நல்லது.

மூன்றாவது, கழிச்சல். அதற்குக் காரணம் இவருடைய பாசம். வந்ததும் ஒரு கிண்ணம் பால் ஊற்றிவிட்டுத்தான் குளிக்கப் போவார். பால்குடி மறந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கிற சக்தி குறைந்துபோகும். பூனைக்குப் பால்தான் ஆகாரம் என்று நாம் சின்னவயதிலிருந்து நம்பி வந்திருக்கிறோம். தென்மலையிலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ வந்த சேச்சி பார்த்துவிட்டு, "பாலு வேண்டா, சாள புழுங்கிக் கொடுத்தா மதி" என்றார், சாளை அவித்துக் கொடுத்தால் போதும் என்று. பாலை நிறுத்தி, முள் எடுத்த வேகவைத்த சாளை, கோழி, கொஞ்சம் முட்டை, குடிக்கப் பச்சைத் தண்ணீர் என்று மாற்றினோம். ஒரே வாரத்தில் கழிச்சல் நின்றது. பால் நிறுத்திய பிறகும் தொடர்ந்தால் குடல்பூச்சிக்கு மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆண் பூனை அடிக்கடி குந்தி, முக்கி, சொட்டுகூட வராமல் எழுந்தாலோ, அந்த இடத்தை நக்கிக்கொண்டே கத்தினாலோ அது சேட்டை இல்லை. மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வீட்டுக்குள்ளேயே பூனை போவதற்கு வைக்கிற மணல் தட்டு பற்றி. அதில் போடக் கடையில் விற்கிற பூனை மணல் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அகலமான பிளாஸ்டிக் தட்டு இரண்டு வாங்கி, மழைக்கு முன்பே காயவைத்து மூட்டை கட்டிய மணலை மூன்று விரல் உயரத்துக்குப் போட்டோம். மணல் தீர்ந்தால் மர அறுப்பு மில் தூள். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு வேண்டும், சாப்பிடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. தினமும் அள்ள வேண்டும். அள்ளாத தட்டைப் பூனை தொடாது, திரும்பத் துணிக்குத்தான் போகும்.

துடைப்பதில் நான் செய்துவந்த தவறுதான் பெரிது. பினாயிலில் இருக்கிற பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரிவர முறிக்க முடியாது. தரையில் நடந்து, காலை நக்கினாலே உள்ளே போய்விடும். பைன் எண்ணெய் சேர்ந்த வெள்ளைப் பினாயிலும் ஆகாது. பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் போட்டால் அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும், அது நமக்கே கெடுதல். என்சைம் உள்ள சலவைத்தூளைப் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, காயவிடுங்கள். வாடையை வேறு வாசனையால் மூடினால் நம் மூக்குக்குத்தான் மறையும், பூனைக்கு மறையாது. சாரல் ஈரம் பட்டதும் நமக்கும் திரும்பிவிடும். அந்த மெத்தையைக் கடைசியில் நாங்கள் தூக்கிப்போட வேண்டியதாகிவிட்டது.

என் நாத்தனார் ஐந்து மாத வயிற்றோடு வந்து தங்கியபோது இன்னொரு சண்டை வந்தது. பூனை இருக்கிற வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கலாமா என்று. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனை மலத்தில் இருக்கலாம் என்பது உண்மை. வெளியே வந்த பிறகு அது தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாள் ஆகும். அதனால் அன்றன்றைக்கு அள்ளிவிட வேண்டும், கர்ப்பமாக இருப்பவர் அந்தத் தட்டைத் தொடக்கூடாது, பூனைக்குப் பச்சைக் கறி போடக்கூடாது, காய்கறியை நன்றாகக் கழுவ வேண்டும். அவளுக்குச் சுகப்பிரசவம், பிள்ளைக்கு இப்போது இரண்டரை வயது. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அவர்களுடைய மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கு இது: தட்டு அள்ளுவது முழுக்க இவருடைய வேலை. வண்டி எடுக்கப்போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. வெளியூரில் தங்கினால் முந்தியே சொல்லவேண்டும், அன்றைக்கு நான் பார்ப்பேன். தவறிப்போய் எங்காவது போயிருந்தால் முதலில் பார்த்தவர் துடைக்க வேண்டும், மற்றவரை எழுப்பிக் காட்டக்கூடாது. ஈரத்துணி இருக்கிற அறைக்கதவு சாத்தியே இருக்க வேண்டும், அது என் பொறுப்பு. சாப்பாடு பையன் வைப்பான். இதை ஒருவரும் தாளில் எழுதவில்லை, அந்த ஓண வாரத்தில் பேசி முடித்தது.

நீங்கள் பூனை வேண்டும் என்கிறீர்கள், மனைவி வேண்டாம் என்கிறார். அப்படியானால் இன்றைக்கே வாளியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். "நான் உதவி செய்கிறேன்" என்று சொல்லி எடுக்காதீர்கள், உங்கள் வேலை என்று எடுங்கள். ஒரு வாரம் ஆகட்டும், பிறகு ஆபரேஷன் பேச்சை ஆரம்பியுங்கள். அதற்கு முன்னால் ஆரம்பித்தால் பூனைக்குச் செலவழிக்கப் பணம் இருக்கிறதா என்றுதான் கேட்பார், அந்தக் கேள்வி நியாயமானது.

அடுப்படித் திண்டில் செம்பன் ஏறுவது மட்டும் எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. இவர் பரவாயில்லை என்கிறார், நான் கூடாது என்கிறேன். சமைக்கிற இடம் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஜன்னலோரம் உயரமாக ஒரு பலகை அடித்துக் கொடுத்திருக்கிறார், இரண்டு வாரமாக அதில் படுக்கிறது.