எஃப்.ஐ.ஆர் முதல் மாவுக்கட்டு வரை: செட்டிநாட்டு வாசகர் கேள்விகள்

காரைக்குடி வாசகர்: ஐயா, அடிச்சாத்தானே திருடன் வாயைத் திறப்பான்? மாவுக்கட்டுப் போட்ட படம் வந்தால் ஊரே கைதட்டுதே, அதில் என்ன தப்பு?

பதில்: முதல் தப்பு, வழக்கே படுத்துவிடும். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 23-ஆம் பிரிவு. அவன் சொல்லி நகை கிடைத்தால், அந்தக் கண்டெடுப்பைப் பற்றிய பகுதி மட்டும் நிற்கும். வாக்குமூலம் வாங்கியாச்சே என்று விரல்ரேகை, சிசிடிவி, அடகுக்கடை ரசீது எதையும் திரட்டாமல் விட்டால், குறுக்கு விசாரணையில் எல்லாம் உதிர்ந்துவிடும். அப்புறம் "கோர்ட் விட்டுடுச்சு" என்று நீதிபதியைத் திட்டுவோம்.

அடுத்தது, அடிபடுகிறவன்தான் திருடன் என்று யார் முடிவு செய்தது? 2025 ஜூனில் நம் சிவகங்கை மாவட்டத்திலேயே, நகை காணோம் என்ற புகாரில் மடப்புரம் கோயில் காவலாளி ஒருவரை விசாரிக்கக் கூட்டிப்போனார்கள். காவலிலேயே உயிர் போனது. காவலர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. மாவுக்கட்டுக்குக் கைதட்டுகிறவர்கள் இதற்கும் சேர்த்தே அனுமதி கொடுக்கிறார்கள். எனக்கு இதில் சமாதானமே கிடையாது.

கானாடுகாத்தான் ஆச்சி: வீட்டைப் பூட்டிட்டுச் சென்னைக்குப் போயிருந்தோம். பித்தளைச் சாமானும் நகையும் போயிடுச்சு. ஸ்டேஷன்ல சி.எஸ்.ஆர் மட்டும்தான் குடுத்தாங்க.

பதில்: ஆச்சி, சி.எஸ்.ஆர் என்பது மனு வாங்கியதற்கு ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர் (முதல் தகவல் அறிக்கை) போடாமல் புலன்விசாரணை தொடங்காது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர் கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. "14 நாள் முதல்கட்ட விசாரணை பண்ணிட்டுப் போடுறோம்" என்பார்கள். அது 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக் குற்றங்களுக்கு மட்டும், அதுவும் டி.எஸ்.பி. அனுமதியோடு. வீட்டுத் திருட்டுக்கு 7 ஆண்டு வரை தண்டனை உண்டு (பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டம், பிரிவு 305), அதனால் உங்களிடம் அந்தப் பேச்சு செல்லாது.

அப்படியும் மறுத்தால் புகாரை எழுதி, ஒப்புகை அட்டையோடு எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள் (பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 173(4)). அங்கும் நகரவில்லை என்றால், பிரமாணப் பத்திரத்தோடு குற்றவியல் நடுவர் கோர்ட்டில் அதே சட்டத்தின் 175(3)-இல் மனுப் போடலாம். எஸ்.பி. படியைத் தாண்டி நேரே போனால் மனு திரும்பிவிடும். எஃப்.ஐ.ஆர் நகல் உங்களுக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள்.

புகாரில் "40 பவுன் நகை" என்று மொத்தமாக எழுதுவதுதான் பலரும் கெடுத்துக்கொள்ளும் இடம். ஒவ்வொரு உருப்படியாக எடை, அடையாளம் எழுதுங்கள். கழுத்திரு (செட்டிநாட்டுத் தாலி நகை) என்றால் உருப்படிகள் எத்தனை, எதில் ஒட்டு, எதில் தேய்மானம் என்றுகூட எழுதலாம். கல்யாணப் போட்டோவில் அது தெரிந்தால் அதையும் சேருங்கள். பித்தளைச் சாமானில் பெயர், விலாசம் வெட்டியிருந்தால் அதை அப்படியே குறிப்பிடுங்கள். நாளை மீட்ட பொருள் "என்னுடையது" என்று நிற்க இதுதான் ஆதாரம். இன்னொன்று: விரல்ரேகைக்காரர்கள் வந்து போகும்வரை வளவையும் (வீட்டு நடுமுற்றம்) அறையையும் கூட்டிக் கழுவ வேண்டாம்.

நகை மீட்கப்பட்டால் வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பி.என்.எஸ்.எஸ். 497-ஆம் பிரிவில் மனுப் போட்டு, படம் எடுத்துப் பட்டியலிட்டு, பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழி இது.

தேவகோட்டை வாசகர்: பிடிச்ச ரெண்டு மாசத்துல ஜாமீன்ல வெளிய வந்துடுறானே, சட்டம் திருடனுக்குத்தானா?

பதில்: அந்த "ரெண்டு மாசம்" எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். போலீஸ் குற்றப்பத்திரிகையை 60 நாளில், பெரிய குற்றங்களுக்கு 90 நாளில் தாக்கல் செய்யாவிட்டால், கேட்டால் ஜாமீன் கொடுத்தே ஆகவேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 187(3)). ஆக, கோபத்தைக் கோர்ட்டின் மேல் காட்டிப் பயனில்லை. விசாரணை எதுவரை வந்திருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும், அது 193(3). அதற்கு முன்பே, ஐம்பதாம் நாள் வாக்கில், எழுத்து மூலம் கேளுங்கள். கேட்கிற ஆள் இருக்கிறார் என்றால் கோப்பு நகரும்.

பள்ளத்தூர் வாசகர்: புதுச் சட்டத்தில் திருடனுக்குச் சமூக சேவைதான் தண்டனையாமே?

பதில்: 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள், முதல்முறை தண்டனை, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான். வீடு புகுந்து திருடினால் இது கிடையாது.

புதுவயல் வாசகர்: அப்பாவுக்கு 68 வயசு. சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வா என்கிறார்கள்.

பதில்: போகவேண்டியதில்லை. 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், எந்த வயதுப் பெண்களையும் சாட்சியாக விசாரிக்க வீட்டுக்குத்தான் வரவேண்டும், பி.என்.எஸ்.எஸ். 179-ஆம் பிரிவு. விரும்பினால் அவரே போகலாம், கட்டாயப்படுத்த முடியாது.